பொருளா, அனுபவமா? ஓர் ஆய்வு முடிவும் அது எட்டாத வீடுகளும்

1. கேள்வி

மாதச் செலவெல்லாம் போகக் கையில் ஒரு தொகை மிஞ்சுகிறது. அதைக்கொண்டு ஒரு பொருள் வாங்கிப் போடுவதா, குடும்பத்தோடு எங்காவது போய்வருவதா? எது மனத்தில் நெடுநாள் நிற்கும்? உளவியலாளர்கள் கடந்த இருபது ஆண்டுகளாக இதை ஆராய்ந்து, பெரும்பாலும் இரண்டாவதன் பக்கம் நின்றிருக்கிறார்கள். பொருளின் பளபளப்பு சீக்கிரம் மங்கும், அனுபவம் நினைவில் வளரும் என்பது அவர்கள் முடிவின் சாரம். இன்று அது ஆய்விதழ்களைத் தாண்டி, நிதி ஆலோசனைப் பத்திகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகப் புழங்குகிறது.

இந்த முடிவு பொய்யன்று. ஆனால் யாரிடம், எந்த நிலையில் அது கண்டறியப்பட்டது என்பதைக் கழித்துவிட்டு எல்லோருக்குமான அறிவுரையாக்கும்போது அது பிழைபடுகிறது. ஒரு செலவு நிறைவு தருமா என்பதை, வாங்கியது பொருளா அனுபவமா என்ற வேறுபாட்டைவிட, வாங்குபவரின் வாழ்வில் எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்பதும், அந்த அனுபவத்துக்கான உழைப்பு யார் தலையில் விழுகிறது என்பதும் வலுவாகத் தீர்மானிக்கின்றன என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தமிழ்நாட்டுச் செலவு வழக்கங்கள் சிலவற்றை அந்த ஆய்வுகளுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

2. ஆய்வுகள் சொல்வது

இத்துறையின் தொடக்கப் புள்ளியாக எல்லோரும் சுட்டுவது லீஃப் வான் போவன், தாமஸ் கிலோவிச் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு. 1,200க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம், அண்மையில் மகிழ்ச்சிக்காக வாங்கிய ஒரு பொருளையும் ஓர் அனுபவத்தையும் நினைவுகூரச் சொல்லி, எது அதிக மகிழ்ச்சி தந்தது என்று கேட்டார்கள். 57 விழுக்காட்டினர் அனுபவம் என்றார்கள், 34 விழுக்காட்டினர் பொருள் என்றார்கள். பின்னர் கிலோவிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அனுபவம் மனிதர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்துவைக்கிறது. ‘நான் யார்’ என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையில் அவர் வாங்கிய பொருட்களைவிட அவர் செய்தவையே இடம்பெறுகின்றன. அடுத்த வீட்டுக்காரரின் கார் நம் காரைச் சிறியதாக்குவதுபோல் அவருடைய பயணம் நம் பயணத்தைச் சிறியதாக்குவதில்லை. 2014இல் அமித் குமார், மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், கிலோவிச் மூவரும் காத்திருக்கும் காலத்தையும் ஆராய்ந்தார்கள். பொருளுக்காகக் காத்திருப்பதைவிட அனுபவத்துக்காகக் காத்திருப்பதே இனிமையாக இருந்தது.

இவர்களுக்கு முன்னோடிகள் உண்டு. புதிய வசதிகளுக்கு மனம் விரைவில் பழகிவிடும், மகிழ்ச்சி பழைய மட்டத்துக்கே திரும்பிவிடும் என்ற கருத்தை ஃபிலிப் பிரிக்மனும் டொனால்டு கேம்ப்பெல்லும் 1971இலேயே முன்வைத்தனர். பொருளியலாளர் டிபோர் சிட்டோவ்ஸ்கி 1976இல் எழுதிய நூலில், வளமான சமூகங்கள் சௌகரியத்தைத் துரத்திக் கிளர்ச்சியை இழந்துவிடுகின்றன என்றார். இவ்வளவு நீண்ட சிந்தனை மரபை ஒரு விளம்பர வாசகத்தின் அளவுக்குச் சுருக்குவது அதற்குச் செய்யும் அநீதி. ஆனால் சந்தை அதைத்தான் செய்தது. ஜோசப் பைன், ஜேம்ஸ் கில்மோர் என்ற இரு மேலாண்மை ஆலோசகர்கள் 1998இலேயே, இனி நிறுவனங்கள் விற்க வேண்டியது அனுபவத்தை என்று எழுதிவிட்டார்கள். பின்னால் வந்த உளவியல் முடிவு அந்த வணிகத்துக்கு வசதியான சான்றாக அமைந்தது.

3. அதே ஆய்வுகளின் மறுபக்கம்

இத்துறையின் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவர் ஒன்றைக் கவனிப்பார். பொதுவெளியில் மேற்கோளாகும் முடிவுகளுக்கும், அதே கட்டுரைகளின் உட்பகுதிகளில் உள்ள தகவல்களுக்கும் இடையே தூரம் அதிகம். 2003ஆம் ஆண்டு ஆய்விலேயே, வருமானம் குறையக் குறைய அனுபவத்துக்கும் பொருளுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கியது. இந்தத் தகவல் விளம்பரங்களுக்கு வந்து சேரவில்லை.

ஜேக்கப் லீ, டெபோரா ஹால், வெண்டி வுட் ஆகியோர் 2018இல் இதையே நேரடிக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். உயர்வகுப்பினர் அனுபவச் செலவுகளால் அதிக மகிழ்ச்சி அடைந்தனர். கீழ்வகுப்பினரிடம் அந்த மேன்மை காணப்படவில்லை. பொருட்கள் அவர்களுக்கு அதே அளவிலோ கூடுதலாகவோ மகிழ்ச்சி தந்தன. ஆய்வாளர்களின் விளக்கம் எளிமையானது. வளம் குறைவாக உள்ளவருக்குக் காசு எங்கே போய் நிற்கிறது என்பது முக்கியம். நாளையும் மறுநாளும் பயன் தரும் ஒன்றில் அது நின்றால் மனம் அமைதி கொள்கிறது. பாதுகாப்பு ஏற்கனவே உள்ளவருக்குத்தான் தன்னைத் தேடுவதும் வளர்த்துக்கொள்வதும் அடுத்த தேவையாகின்றன.

இந்தியச் சூழலில் இது எத்தனை பேரைப் பற்றிய பேச்சு என்பதற்கு ஓர் அளவுகோல்: 2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி கிராமப்புறக் குடும்பங்களின் செலவில் ஏறத்தாழ 46 விழுக்காடும், நகரங்களில் 39 விழுக்காடும் உணவுக்கே போயின. இது சராசரி மட்டுமே. சராசரிக்குக் கீழே உள்ள வீடுகளில் ‘மிஞ்சும் தொகை’ என்பதே எப்போதாவது வரும் ஒன்று.

வேறு ஆய்வுகளும் உண்டு. 2009இல் லியோனார்டோ நிகோலாவோவும் உடன் ஆய்ந்தவர்களும், நல்லபடியாக முடிந்த செலவுகளில்தான் அனுபவம் முந்துகிறது, மோசமாக முடிந்தவற்றில் அந்த மேன்மை இல்லை என்று காட்டினார்கள். தவறிப்போன சுற்றுலாவைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. ஒருமுறை தவறினால் இன்னொரு முறை முயலக் காசு இருப்பவர்தான் அந்த இடரைத் தாங்குவார். 2013இல் பீட்டர் கப்ரரியெல்லோவும் ஹாரி ரைஸும் செய்த ஆய்வில், பிறரோடு பகிர்ந்துகொள்ளும் அனுபவங்களே உயர்வாக மதிக்கப்பட்டன. தனியாக அனுபவித்தவை பொருட்களைவிடச் சிறந்தவையாகக் கருதப்படவில்லை. ஆகவே அனுபவத்தின் மேன்மை என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி துணையின் மேன்மை என்றே நான் கொள்கிறேன்.

ஆரன் வைட்மனும் எலிசபெத் டன்னும் 2016இல் அளவிடும் முறையையே மாற்றிப் பார்த்தார்கள். பின்னோக்கி நினைவுகூரச் சொல்லாமல், வாங்கிய பின் வந்த வாரங்களில் மக்களின் உணர்வை அவ்வப்போதே பதிவு செய்தார்கள். அனுபவங்கள் தீவிரமான மகிழ்ச்சி தந்தன. பொருட்களோ அடிக்கடி சிறுசிறு மகிழ்ச்சிகள் தந்தன. நினைவைக் கேட்டால் ஒரு பதிலும், அன்றாடத்தைக் கேட்டால் வேறு பதிலும் வருகின்றன. முதல் பதிலை மட்டும் எடுத்து வாழ்க்கை நெறியாக்குவதற்கு இந்தச் சான்றுகள் இடம்தரவில்லை.

4. ஏழைகளின் திருவிழாச் செலவு: ஒரு முரண்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். பாதுகாப்பில்லாதவருக்குப் பொருள்தான் நிறைவு தரும் என்றால், ஏழைக் குடும்பங்கள் ஏன் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் இவ்வளவு செலவிடுகின்றன? அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2007இல் எழுதிய கட்டுரையில், ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் மிக வறிய குடும்பங்கள்கூட ஆண்டுச் செலவில் 10 விழுக்காடு அளவுக்குத் திருவிழாக்களுக்கு ஒதுக்கியதைக் காட்டினார்கள். வயிற்றுக்குப் பற்றாத நிலையிலும் இச்செலவு நிற்கவில்லை.

விஜயேந்திர ராவ் கர்நாடகக் கிராமங்களில் செய்த ஆய்வு இந்த முரணை ஓரளவு அவிழ்க்கிறது. விழாக்களை ஊரறியக் கொண்டாடும் குடும்பங்களுக்கு ஊரில் மதிப்புக் கூடியது, பிறர் வீட்டு விருந்துகளுக்கு அழைப்பு வந்தது, உணவுப் பொருட்களைக்கூடக் குறைந்த விலைக்கு வாங்க முடிந்தது. விழாவுக்குச் செலவிடுவது ஊரில் ஓர் ஆளாக இருப்பதற்கான கட்டணம். அதைக் கட்டாதவர் ஒதுங்கி நிற்க வேண்டும். நெருக்கடி வரும்போது அவருக்குக் கைகொடுக்க ஆளிராது.

தமிழ்நாட்டில் இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டும் வழக்கம் மொய் விருந்து. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்திலும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பகுதியிலும் ஆடி, ஆவணி மாதங்களில் இது நடக்கிறது. கல்யாணமோ காதணியோ எதுவும் வேண்டியதில்லை. மொய்க்காகவே பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கிடா வெட்டிக் கறிச்சோறு போடுகிறார்கள். செலவைக் குறைக்கப் பல குடும்பங்கள் ஒரே பந்தலில் சேர்ந்து நடத்துவதும் உண்டு. சாப்பிட்டவர் மொய் எழுதும் மேசைக்குப் போய்த் தொகையைக் கொடுக்கிறார். ஊர், தகப்பன் பெயரோடு நோட்டில் அது பதிவாகிறது. வாங்கியவர், கொடுத்தவர் விருந்து வைக்கும் ஆண்டில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். மேலே கொஞ்சம் சேர்த்துச் செய்வதே மரியாதை. அப்படிச் சேர்த்த தொகை, இனி மறுபக்கத்தார் மேல் நிற்கும் புதிய கடன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு வீட்டின் முறை வரும்போது, பெருந்தொகை ஒன்று மொத்தமாகக் கைக்கு வருகிறது. அதில் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கிறார்கள், வீடு கட்டுகிறார்கள், வட்டிக்கடனை அடைக்கிறார்கள்.

இந்தச் செலவை எந்த வகையில் சேர்ப்பது? விருந்து என்ற அளவில் அது தூய அனுபவம்: கூட்டம், சாப்பாடு, உறவு. மொய் நோட்டு என்ற அளவில் அது வட்டியில்லாச் சேமிப்பு. கிணறாக மாறும்போது அது சொத்து. கொடுப்பதும் பெறுவதும் திருப்பிச் செய்வதும் கடமையாகப் பின்னிய அமைப்புகளைப் பற்றி மார்செல் மோஸ் 1925இல் எழுதியவை இங்கே அப்படியே பொருந்துகின்றன. மகிழ்ச்சியும் கணக்கும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கின்றன. கணக்கு உறவைக் கெடுத்துவிட்டது என்று நகரத்திலிருந்து பார்ப்போர் சிலர் வருந்துகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. வங்கி எளிதில் கடன் தராத சிறு விவசாயிக்கு, உறவைக் கொண்டே முதலைத் திரட்டித் தந்த அமைப்பு இது. அதன் மதிநுட்பத்தை மதித்தாக வேண்டும்.

அதன் அபாயத்தையும் மறைக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இதே வட்டாரத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. மொய் திரும்பச் செய்ய வேண்டியவரும் வர வேண்டியவரும் ஒரே நிலத்தை நம்பியவர்கள். இழப்பு எல்லோருக்கும் ஒரே இரவில் வந்தால், ஒருவரை ஒருவர் தாங்கும் அமைப்பு தாங்குவதற்கு ஆளின்றி நிற்கும். நோட்டில் உள்ள தொகையோ புயலைப் பார்த்துக் குறைவதில்லை.

விழாச் செலவை விமர்சித்த மரபும் தமிழுக்குப் புதிதன்று. கல்யாணத்துக்காகக் கடன்பட்டு வாழ்நாள் முழுக்க அதை அடைக்கும் வழக்கத்தைச் சுயமரியாதை இயக்கம் கடுமையாகச் சாடியது. புரோகிதரும் சடங்குமின்றி, குறைந்த செலவில், குறைந்த நேரத்தில் நடக்கும் திருமணத்தைப் பெரியார் பரப்பினார். அண்ணாவின் ஆட்சியில் 1967இல் நிறைவேறிய இந்துத் திருமணச் சட்டத் திருத்தம் அதற்குச் சட்ட ஏற்பு அளித்தது. அனுபவத்துக்குச் செலவிடுவது நல்லது என்ற இன்றைய அறிவுரை, கடன் வாங்கிச் செய்த கல்யாணத்தையும் அந்த நல்ல செலவுக்குள் சேர்க்குமா? வகைப்பாட்டின்படி சேர்த்தாக வேண்டும். சேர்க்கும்போதே அந்த வகைப்பாட்டின் போதாமை தெரிந்துவிடுகிறது.

அனுபவம் ஒப்பீட்டுக்கு அப்பாற்பட்டது என்ற கருத்தும் நம் ஊர்களில் நிற்காது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமைக்காகத் தலித் மக்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. யார் வடம் தொடலாம், யாருக்கு முதல் மரியாதை என்பவை வரிசையை நிறுவும் கேள்விகள். எவ்வளவு காசு கொடுத்தாலும் சாதி வாங்கவிடாத அனுபவங்கள் இருக்கின்றன.

5. ஒரு வீடு, ஒரு கிரைண்டர்

பொருளின் பக்கம் திரும்புவோம். ‘பொருள் சேர்க்காதே’ என்ற அறிவுரை, பொருள் சேர்க்கும் உரிமை ஏற்கனவே உள்ளவரை நோக்கியது. பெண்களுக்கு அது எப்படிப் பொருந்தும்?

பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆய்வு செய்து 2005இல் வெளியிட்ட முடிவுகள் இந்த விவாதத்தில் எப்போதும் மேசைமேல் இருக்க வேண்டியவை. நிலமோ வீடோ தன் பெயரில் இல்லாத மணமான பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவரின் உடல்வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். நிலம் மட்டும் உள்ளவர்களில் அது 18 விழுக்காடு. வீடு மட்டும் உள்ளவர்களில் 10. இரண்டும் உள்ளவர்களில் 7. சொத்துள்ள பெண்கள் பிற வகைகளிலும் வசதியானவர்களாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். அத்தகைய காரணிகளைக் கணக்கில் கொண்ட பின்னும் சொத்தின் தாக்கம் நிலைத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். தன் பெயரில் ஒரு வீடு இருந்தால் வெளியேறிப் போக ஓர் இடம் இருக்கிறது. அது அவள் கணவனுக்கும் தெரியும். இந்தப் பொருளுக்கு மனம் பழகிப்போய் அதன் மகிழ்ச்சி மங்கிவிடும் என்று அந்தப் பெண்ணிடம் யார் சொல்வது? தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்ததன் பெறுமதியை இந்த எண்களின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

நகையும் அப்படியே. கழுத்திலும் கையிலும் இருக்கும் தங்கத்தை ஆடம்பரம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் முதலில் அடகுக்குப் போவது அதுதான்.

இனி உழைப்பு. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அவ்வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81 விழுக்காடு, ஆண்கள் 26 விழுக்காடு. ஊர்த் திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாளி வந்தால், அந்த அனுபவத்தை ஒருவர் திண்ணையிலிருந்து பெறுகிறார். இன்னொருவர் அடுப்படியிலிருந்து பெறுகிறார். குடும்பச் சுற்றுலாவுக்குப் புளிசாதம் கிளறிக் கட்டியவருக்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்தவருக்கும் அந்தப் பயணம் ஒரே பயணம் அன்று. அனுபவத்தின் இன்பத்தை அளந்த ஆய்வுகளில் இந்த உழைப்பு அளக்கப்படுவது அரிது.

2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது பலரும் அதை வாக்குக்கான இலவசம் என்று மட்டுமே பேசினார்கள். ஆய்வாளரின் பட்டியலில் கிரைண்டர் ஐயத்துக்கிடமின்றி ‘பொருள்’. ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து மாவாட்டியவருக்கோ அது திரும்பக் கிடைத்த மாலை நேரம். ஆஷ்லி விலன்ஸும் சக ஆய்வாளர்களும் 2017இல் அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் 6,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, நேரத்தை மிச்சப்படுத்தும் செலவுகள் வாழ்க்கை நிறைவோடு தொடர்புடையவை என்று கண்டார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது பெரும்பாலும் வேலையைப் பிறரிடம் காசு கொடுத்து ஒப்படைப்பது. அந்த வேலையை ஏற்கும் மற்றவராகவே வாழ்பவர்களுக்கு, நேரம் ஓர் இயந்திரத்தின் வடிவில்தான் வந்து சேர முடியும்.

6. யார் செலவில் அனுபவம்?

பொருளையும் அனுபவத்தையும் ஒப்பிட்டு இதுவரை பார்த்த உளவியல் ஆய்வுகள் அனைத்தும் தனிநபர் தன் பணத்தைக் கொண்டு செய்யும் தேர்வை அலகாகக் கொண்டவை. நம்மைச் சுற்றிப் பெரும்பாலோர் பெறும் நல்ல அனுபவங்கள் அப்படி வாங்கப்படுபவை அல்ல. மெரினாவில் மாலையில் கால் நனைக்கக் கட்டணமில்லை. 2010இல் சென்னையில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் சொந்தமாகப் புத்தகம் வாங்க முடியாத மாணவருக்கு ஒரு முழுநாளைத் தருகின்றன. அனுபவம் அவ்வளவு உயர்ந்தது என்று உண்மையாகவே நம்பினால், அதைப் பொதுச் செலவில் எவ்வளவு தரலாம் என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். இத்துறையினர் அந்தக் கேள்விக்குப் போதிய இடம் தரவில்லை. இது ஒரு பெருங்குறை என்று கருதுகிறேன்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இலவசப் பயணம் வந்தது. வேலைக்குப் போகும் செலவு மிச்சம் என்ற கணக்கில்தான் அதைப் பெரும்பாலும் மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீடு சரியானது, ஆனால் முழுமையானது அன்று. யாரிடமும் காசு கேட்காமல், எதற்குப் போகிறாய் என்ற கேள்விக்குச் செலவுக்கணக்குச் சொல்லாமல், ஒரு பெண் அக்கா வீட்டுக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வர முடிகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுகளில் ‘அனுபவம்’ என்ற தலைப்பில் வரும் தோழமை, தன்விருப்பம், எதிர்பார்ப்பு எல்லாம் இதில் இருக்கின்றன. வாங்குதல் மட்டும் இல்லை. இச்சலுகை நெடுந்தூர, விரைவுப் பேருந்துகளுக்குப் பொருந்தாது. ஆகவே பணமில்லாத ஒரு பெண்ணுக்கு இப்போது கிடைத்திருக்கும் அனுபவத்தின் எல்லை, அவள் ஊருக்கு வரும் நகரப் பேருந்தின் கடைசி நிறுத்தம் வரை. அந்த எல்லைக்குள் அவள் எங்கெல்லாம் போகிறாள், யாரோடு போகிறாள், திரும்பி வந்து எதைச் சொல்கிறாள் என்பதை அவளிடமே கேட்டு ஆராய வேண்டும். பொருளா, அனுபவமா என்ற கேள்வியை 2003இல் தொடங்கியவர்களின் முறைகளே அதற்கும் போதும். கேட்கப்படுபவர் மட்டும் மாற வேண்டும்.